பழைய புல்லட்காரர்களிடம் பேசுவது எப்படி?

கேள்வி: தாத்தாவின் 1972 புல்லட் ஆறு வருடம் மாட்டுக்கொட்டகையில் நின்றது. இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. பழைய வண்டி வைத்திருக்கும் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் "பாயிண்ட் இடைவெளி எவ்வளவு?" என்றார், தெரியாது என்றதும் பேச்சை நிறுத்திக்கொண்டார். இன்னொருவர் டேங்க் ஒரிஜினல் இல்லை என்று மட்டும் சொன்னார். மூன்றாமவர் "விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்" என்றார். இவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? இவர்களிடம் எப்படித்தான் பேசுவது?

பதில்:

அந்த மூவரில் முதலாமவர் உங்களுக்கு உதவ வந்தவர். அவரை இழந்துவிடாதீர்கள். இரண்டாமவருக்கு வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மூன்றாமவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முப்பது வருடத்துக்கு மேலாகப் புல்லட் வைத்திருக்கிறேன். நீங்கள் கேட்ட இதே கேள்வியை இதே கோபத்தோடு நானும் கேட்டிருக்கிறேன். பழைய வண்டிக்காரர்கள் கர்வம் பிடித்தவர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். சிலர் உண்மையிலேயே அப்படித்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வட்டத்தில் மரியாதை, மரியாதைக்குறைவு என்று சொல்லப்படுபவற்றைக் கிளறிப் பார்த்தால், பெரும்பாலும் அடியில் ஓர் உடைந்த போல்ட்டோ வீணான ஒரு ஞாயிற்றுக்கிழமையோ கிடக்கும்.

முதலாமவரையே எடுத்துக்கொள்வோம். "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று அவரிடம் சொன்னீர்கள். வைத்தியரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது போன்றது அது. பெட்ரோல் வரவில்லையா, பொறி வரவில்லையா, பொறி வந்தும் நேரம் தவறுகிறதா, வால்வு சரியாக உட்காராமல் அமுக்கம் போகிறதா, எல்லாம் சரியாக இருந்தும் கிக்கரை உதைக்கத் தெரியவில்லையா? ஆறு வருடம் நின்ற வண்டியில் இவற்றில் மூன்று ஒன்றாகவே இருக்கலாம். அவர் பாயிண்டைக் கேட்டது சும்மா அல்ல. இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடிப் பொறியை வரவைக்கும் சின்ன மின்தொடர்புதான் பாயிண்ட். நின்றுபோன வண்டிகளில் பாயிண்டின் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படிந்துவிடும். கண்ணுக்குப் பளபளவென்றுதான் தெரியும், மின்சாரம் மட்டும் தாண்டாது. அந்த இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்கவேண்டும். இடைவெளி எவ்வளவு என்று அவர் கேட்டதன் பொருள், "மூடியைக் கழற்றிப் பார்த்தாயா?" என்பதுதான். நீங்கள் பார்க்கவில்லை. அதற்கு மேல் அவர் என்ன சொன்னாலும் ஊகமாகத்தான் இருக்கும். ஊகம் சொல்ல அவருக்கு விருப்பமில்லை.

கேட்பதற்கு முன் பத்து நிமிடம் செலவழித்து ஒன்று செய்திருக்கலாம். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கும் ஆம்மீட்டரை, அதாவது மின்னோட்டம் காட்டும் முள் மீட்டரைப் பாருங்கள். நல்ல பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பி, கிக்கரைக் கையாலோ காலாலோ மெதுவாக, மிக மெதுவாக அமுக்குங்கள். பாயிண்ட் மூடும்போது முள் கழித்தல் பக்கம் சாயும். திறக்கும்போது நடுவுக்குத் திரும்பும். முள் அசையவே இல்லை என்றால் பேட்டரியிலிருந்து பாயிண்ட் வரை எங்கோ வழி அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்ட் அழுக்கு. ஒரே பக்கம் சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது எங்கோ கம்பி உடலில் உரசுகிறது. உதைப்பதற்கும் இதே முள்தான் வழிகாட்டி. முள் நடுவுக்கு வந்த இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் அமுக்கத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லிவரை இடது கையில் பிடித்துக் கொஞ்சம் தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழு வீச்சில் ஓர் உதை. இந்த வரிசை தெரியாமல் மூர்க்கமாக உதைப்பவரைப் புல்லட் திருப்பி உதைக்கும். என் கணுக்காலுக்கு அது தெரியும்.

ஆகவே அவரிடம் மறுபடி போகும்போது இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, வண்டி 1972, ஆறு வருடம் நின்றது. பேட்டரி புதிது. கிக்கரை அமுக்கினால் ஆம்மீட்டர் முள் அசையவில்லை. பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டேன், இடைவெளியை இன்னும் அளக்கவில்லை." அவர் அன்று மாலையே இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். இந்தக் கூட்டத்தார் காபிக்கு வரமாட்டார்கள், பாயிண்டுக்கு வருவார்கள்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லுங்கள்: இதுவரை யார் யார் என்னென்ன செய்தார்கள் என்பது. ஊர் மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்திருந்தால் அதைச் சொல்லாமல் மறைக்காதீர்கள். ஒரே கேள்வியை நான்கு பேரிடம் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, நால்வருக்கும் மற்ற மூவரைப் பற்றித் தெரியாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறதே, அது இங்கே சீக்கிரம் அம்பலமாகும். பழைய புல்லட்காரர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். "உன்னிடமும் கேட்டானா?" என்று ஆரம்பித்தால் முடிந்தது கதை.

இனி அந்த "ஒரிஜினல்" விவகாரம். பழைய வண்டிக்காரர்கள் நட்பு முறிவதற்கு இந்த ஒரு சொல் போதும்.

புல்லட் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாலே இந்தச் சொல்லின் சிக்கல் விளங்கும். இங்கிலாந்தில் ரெடிட்ச் ஊரில் பிறந்த வண்டி. 1950களில் இந்திய ராணுவம் 800 புல்லட் கேட்டதில் தொடங்கிய உறவு, 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனமாக ஆனது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே கப்பலேறி வந்தன, திருவொற்றியூரில் வண்டி முழுதாக உருவானது. ரெடிட்ச் ஆலையை 1967இல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூரில் அதே 70 மில்லிமீட்டர் சிலிண்டர் துளை, 90 மில்லிமீட்டர் பிஸ்டன் வீச்சு, அதே 346 சிசி இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. இடையில் கார்புரேட்டர் மாறியது, விளக்கு மாறியது, ஆறு வோல்ட் பன்னிரண்டானது. ஐம்பது வருடம் உழைத்த வண்டியில் முன்பு வேலை செய்தவர்கள் கையில் கிடைத்ததைப் பூட்டியிருப்பார்கள். பால்காரர் வைத்திருந்தபோது பின்னால் கேன் மாட்டும் இரும்புச் சட்டம், போலீஸ்காரர் வைத்திருந்தபோது வேறு ஹாரன். இவற்றில் எது ஒரிஜினல்?

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் 1960களின் புல்லட் ஒன்று இருக்கிறது. அதில் மிக்கார்ப் கார்புரேட்டர். முதலில் அதில் இருந்தது அமால் கார்புரேட்டர். ஒரு ஞாயிறு காலை நாலைந்து பேர் வண்டிகளை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த இளைஞர் ஒருவர் எல்லார் முன்னாலும் "ஐயா, இது அமால் இல்லையே, ஏன் மாற்றிவிட்டீர்கள்?" என்று கேட்டார். பெரியவர் பதில் சொல்லவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்த வண்டியின் அமால் மோனோபிளாக் அவர் வீட்டு அலமாரியில் துணி சுற்றி இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். பல வருடம் மேலும் கீழும் உரசி அதன் ஸ்லைடும் உள்சுவரும் தேய்ந்துவிட்டன. வண்டி நிதானமாக நின்று ஓடாது, எங்கிருந்தோ காற்றை இழுக்கும். மகளைத் தினம் கல்லூரிக்குக் கொண்டுவிட வேண்டியிருந்தது, அதனால் மாற்றினார். "எப்போது மாற்றினீர்கள்?" என்று அந்த இளைஞர் கேட்டிருந்தால் இந்தக் கதை முழுவதும் வந்திருக்கும், அலமாரியும் திறந்திருக்கும். "ஏன் மாற்றினீர்கள்?" என்பதில் குற்றப்பத்திரிகையின் வாசனை அடிக்கிறது.

எனவே அடுத்தவர் வண்டியில் மாறிப்போனதைக் கண்டால், அவர் கேட்காதவரை வாய் திறக்காதீர்கள். விதிவிலக்கு ஒன்று உண்டு: பிரேக் கேபிள் பிரிந்திருக்கிறது, அச்சாணி நட் தளர்ந்திருக்கிறது என்பது போல உயிர் சம்பந்தப்பட்டதாக இருந்தால் உடனே சொல்லுங்கள், தனியாக அழைத்துச் சொல்லுங்கள். விற்க வந்தவர் "கை வைக்காத வண்டி" என்று விலை ஏற்றினால் அது வியாபாரம். அங்கே கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

"விண்டேஜ்" என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். 1946இல் தொடங்கிய இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப் வகுத்த கணக்கில், 1914 முடிய வந்தவை வெட்டரன், 1915 முதல் 1930 வரை வந்தவைதான் விண்டேஜ். அந்தக் கணக்கில் நம் வண்டிகள் எல்லாம் பச்சைக் குழந்தைகள். நம் நாட்டுச் சட்டத்தில் 2021 விதிகளின்படி ஐம்பது வருடம் கடந்த வண்டிக்கு விண்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் 1972 வண்டிக்கும் வயது வந்துவிட்டது. ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். கடைத்தெருவுக்கு ஓட்டிப் போக முடியாது. ஓட்டத்தான் வண்டி என்று நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள். இந்த இரு தரப்பும் ஒன்றையொன்று கேலி செய்துகொள்ளும். நீங்கள் அதில் சேரவேண்டாம்.

யோசனை சொல்வதில் உள்ள மரியாதையைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. நாளைக்கே உங்களிடம் ஒருவர் கேட்பார். பழைய வண்டி வாங்கிய ஆறாம் மாதம் எல்லாரும் நிபுணராகிவிடுகிறோம். தானே செய்து பார்த்ததை "நான் செய்தேன்" என்றும், கேள்விப்பட்டதை "அப்படிச் சொல்கிறார்கள்" என்றும் பிரித்துச் சொல்லவேண்டும். இதை நான் கற்றுக்கொண்டது அவமானத்தில்தான். புல்லட்டின் வலப்பக்க மூடியைத் திறந்தால் எண்ணெய் பம்புகளை ஓட்டும் வார்ம் என்ற திருகு கண்ணில் படும். அது இடது மரை. கழற்ற வேண்டுமானால் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பவேண்டும். நண்பர் ஒருவர் தொலைபேசியில் "கழலவில்லையே" என்றார். அதுவரை அந்த மூடியைத் திறந்தே பார்க்காத நான், பெரிய மேஸ்திரி போல "நீளமான குழாயைச் சொருகி அழுத்திப் பாருங்கள்" என்றேன். அவர் சொன்னதைக் கேட்கும் நல்ல மனிதர். அழுத்தினார். மரை போயிற்று. அப்போது எனக்குத்தான் மரை கழன்றிருந்தது. பாகத்தின் விலையை நான் கொடுத்தேன். அந்தப் பாகம் கிடைக்கும்வரை மூன்று மாதம் அவர் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.

கருவி இரவல் வாங்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய புல்லட்டின் நட்டுகள் பலவும் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல அளவு. அந்த ஸ்பேனரில் கால் அங்குலம் என்று போட்டிருந்தால் அது போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். வாய் அகலம் 13.3 மில்லிமீட்டர். நம் 13 ஸ்பேனர் ஏறாது, 14 ஸ்பேனர் தொளதொளக்கும். அழுத்தினால் நட்டின் முனைகள் உருண்டுவிடும். நல்ல விட்வொர்த் செட் வைத்திருப்பவர் அதைத் தேடித் தேடிச் சேர்த்திருப்பார். அவராகத் தந்தால் வாங்குங்கள். சொன்ன நாளில் துடைத்துத் திருப்பிக் கொடுங்கள். இறுகிய பாகத்தை இழுத்துக் கழற்றும் புல்லரை இரவல் வாங்கி அதன் திருகை வளைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனவரை இருபது வருடம் கழித்தும் எங்கள் வட்டத்தில் "புல்லர்காரர்" என்றுதான் சொல்கிறோம்.

வண்டியைத் தொடுவது பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேட்காமல் உட்காராதீர்கள், ஆக்சிலரேட்டரைத் திருகாதீர்கள், குழந்தையைத் தூக்கி மேலே வைத்துப் படம் எடுக்காதீர்கள். "ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது; "ஓட்டிப் பார்க்கிறீர்களா?" என்பது அவர் வாயிலிருந்து வரட்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புது வண்டி ஓட்டிப் பழகியவர் திடீரென்று குறுக்கே நாய் வந்தால் வலது காலைத்தான் அமுக்குவார். வண்டி நிற்காது, கியர்தான் மாறும். மைசூரில் செய்த பழைய ஜாவாவிலோ கிக்கரும் கியரும் ஒரே லிவர். தெரியாதவர் கிக்கரைத் தேடிக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவதைப் பார்ப்பது தனி வேடிக்கை. அவர் தந்து, நீங்கள் ஓட்டி, ஏதாவது உடைந்தால் செலவு உங்களுடையது. "ஏற்கனவே அப்படித்தான் இருந்தது" என்ற வாக்கியத்தை மறந்துவிடுங்கள்.

இப்போது மூன்றாமவர். "விற்பதாக இருந்தால் சொல்லுங்கள்" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, வண்டியைப் பார்த்ததும் மனம் தாங்காமல் கேட்டுவிடும் அப்பாவி. இன்னொரு வகை, ஊர் ஊராகப் போய்க் கொட்டகைகளில் நிற்கும் வண்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பாகம் பாகமாகப் பிரித்து விற்பவர். துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் வாசலில் வந்து நின்றவரை எனக்குத் தெரியும். உங்கள் மூன்றாமவர் எந்த வகை என்று எனக்குத் தெரியாது. ஒன்று செய்யுங்கள்: வண்டியின் இன்ஜின் எண், சேசிஸ் எண், ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றின் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். உதவி கேட்க வருடமும் மாடலும் போதும். அந்த எண்களை வேறொரு வண்டியில் பொறித்து அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தயாரிக்கும் கைகள் ஊரில் இருக்கின்றன. அடுத்தவர் வண்டியைப் படம் எடுக்கும்போதும் இதையே கடைப்பிடியுங்கள்.

வாங்குபவர்களுக்கு உள்ளே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வண்டி எங்கே இருக்கிறது என்று நண்பர் சொல்லி அழைத்துப் போனால், தனக்கு வேண்டாம் என்று அவர் சொல்லும்வரை நீங்கள் விலை பேசக்கூடாது. முதுகுக்குப் பின்னால் போய் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்து வாங்கியவருக்கு வண்டி கிடைக்கும். அதற்குப் பிறகு அவருக்கு ஒரு கேஸ்கட்கூட யாரும் தரமாட்டார்கள். பாகங்களிலும் அப்படியே. சென்னைப் புதுப்பேட்டையில் பழைய இரும்புக்கு நடுவே ஒரு நல்ல ஹெட்லைட் கூடு கிடைத்தால் வாங்கிவிடுங்கள், உங்களுக்குத் தேவையில்லை என்றாலும். அது யாருக்குத் தேவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாங்கிய விலைக்கே கொடுங்கள். ஆட்டோ செலவைச் சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். கடைசியாக நான் கொடுத்த ஒரு நியூட்ரல் லிவருக்குப் பதிலாக எட்டு வருடம் கழித்து ஒரு கிளட்ச் கூடை வந்தது. எங்கள் கணக்குப் புத்தகம் அப்படித்தான் ஓடுகிறது.

கடைசியாக, பலரும் தவறும் இடம். நானும் தவறினேன்.

1994இல் என் புல்லட் நான்கு மாதம் நின்றுவிட்டது. எடுக்கப் போனபோது எண்ணெய் அளக்கும் குச்சியில் அளவே காணோம். கீழே ஒரு சொட்டுக் கறையும் இல்லை. எண்ணெய் எங்கே போயிற்று? திருச்சியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஃபிட்டர் ஒருவருக்குப் புல்லட் பற்றி எல்லாம் தெரியும் என்று சொன்னார்கள். இன்லண்ட் கடிதம் எழுதினேன். எட்டாம் நாள் பதில் வந்தது. "எண்ணெய் ஊற்றாதே. இந்த இன்ஜினில் எண்ணெய்த் தொட்டி கிராங்க் அறையை ஒட்டியே இருக்கிறது. நின்றால் பம்பு வழியாகக் கசிந்து உள்ளே இறங்கும். ஸ்டார்ட் செய்து ஓடவிடு, புகை வரும், பயப்படாதே. எண்ணெயைத் திருப்பும் பம்பு அதைத் தொட்டிக்கே அனுப்பிவிடும். பிறகு அளந்து பார்." அப்படியே செய்தேன். தெரு முழுக்கப் புகை. பக்கத்து வீட்டு அத்தை ஜன்னலைச் சாத்தினார். கால் மணி நேரம் கழித்துக் குச்சியில் எண்ணெய் சரியான அளவில் இருந்தது. சந்தோஷத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு மகாபலிபுரம் போனேன். பதில் எழுதவில்லை.

ஒன்பது வருடம் கழித்துத் திருச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். ஊரையும் பெயரையும் சொன்னேன். உள்ளே போய் நீளமான ஒரு கணக்கு நோட்டை எடுத்து வந்தார். யார் கேட்டது, என்ன வண்டி, என்ன கோளாறு, என்ன சொன்னேன், என்ன ஆயிற்று என்று ஐந்து கட்டங்கள். என் வரியில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்தில் அப்படி இன்னும் நாலைந்து காலிக் கட்டங்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்து, "எண்ணெய் திரும்பி வந்ததா?" என்று கேட்டார்.

வந்தது என்றேன். எவ்வளவு நேரத்தில் என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

உங்கள் வண்டி ஆறு வருடம் நின்றிருக்கிறது. குச்சியில் எண்ணெய் இல்லை என்று பதறி ஊற்றிவிடாதீர்கள். இத்தனை வருடம் நின்ற எண்ணெயை அடியில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி முழுவதும் வடித்துவிட்டுப் புதியதை அளந்து ஊற்றுங்கள். பாயிண்டின் முகத்தைத் துடையுங்கள். கிக்கரை மெதுவாக அமுக்கி, முள் அசைகிறதா, எந்தப் பக்கம் அசைகிறது என்று பாருங்கள். பார்த்ததை முதலில் அந்த முதலாமவரிடம் போய்ச் சொல்லுங்கள். பிறகு எனக்கும் சொல்லுங்கள்.